குசுமி பெரியவரின் நாக்கு

என் பெயர் எத்தோ மிசுயே, வயது 56, கணவர் பெயர் எத்தோ கன்ஜி. ஓயிட்டா மாகாணம், ஹிகுராசாவா ஊரில் மரக்கட்டைகளில் ஷீட்டாகே காளான் வளர்த்து, காயவைத்து, நெடுஞ்சாலையோர விவசாயிகள் கடையில் விற்று வருகிறேன். அங்கே ஒவ்வொரு பொட்டலத்திலும் வளர்த்தவரின் படமும் ஒரு குறியீடும் இருக்கும். செல்போனைக் காட்டினால் எந்தத் தோப்பு, எப்போது பறித்தது என்று வரும். அதெல்லாம் நாங்களே தட்டி ஏற்றுவதுதான். என் பொட்டலத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

சென்ற கோடை வெயிலில் என் கட்டைகள் பூசணம் பிடித்து வீணாயின. அலமாரி காலியாக இருந்தால் ஊரார் என்ன நினைப்பார்களோ என்று கூசி, நகரத்து மொத்த வியாபாரியிடம், எங்கே விளைந்தது என்றுகூடக் கேட்காமல் காய்ந்த காளான் வாங்கி, என் பொட்டலத்தில் அடைத்து, என் தோப்பில் பறித்ததாகப் பதிவு செய்தேன். கணவருக்கு இது தெரியாது.

அதன் பின், ஊடோன் நூடுல்ஸ் கடை நடத்தும் குசுமி வீட்டு மருமகள் அயாகோ, மாமனாரை அழைத்துக்கொண்டு விவசாயிகள் கடைக்கு வந்தார். அவர்கள் கடையில் என் காளான் போட்டுக் காய்ச்சும் சாற்றை ருசி பார்ப்பவர் அந்தப் பெரியவர்தான். இது வேறு காளான் என்று வீட்டில் சண்டை பிடித்திருக்கிறார். அயாகோ போனை நீட்டி, "மாமா, பாருங்க, அதே தோப்புன்னுதான் போட்டிருக்கு. அக்காவே நிக்கிறாங்க, கேட்டுக்கோங்க" என்றார். பெரியவர் படத்தையும் என்னையும் பார்த்து, "நீயே சொல்லும்மா, இது உன் காளானா?" என்றார். "ஆமாங்க, என்னுதுதான்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, "மன்னிச்சிடும்மா, என் நாக்குதான் செத்துப்போச்சு" என்றார். நானும் பதிலுக்குக் குனிந்து, அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன்.

அதன் பின், மகன் அவரிடமிருந்து ருசி பார்க்கும் கரண்டியை வாங்கிவிட்டதாகவும், மறதி நோயா என்று டாக்டரிடம் காட்டுவதாகவும் அயாகோ சொன்னார். அதைக் கேட்ட பிறகும் இன்னும் இரண்டு பெட்டி அடைத்தேன். வெட்கமாக இருக்கிறது. பெரியவர் வீட்டு வாசல் வரை போய், உள்ளே நுழைய முகமில்லாமல் திரும்பி, அதன் பின் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

பொய் லேபிள் ஒட்டிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். குசுமி பெரியவர் சொன்னது சரி, அவர் நாக்கில் ஒரு குறையும் இல்லை என்பதையும் எழுதச் சொன்னேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றார் அதிகாரி. போனில் வந்ததை நம்பியவர்கள் இதையாவது நம்பட்டும், அது இல்லாமல் கையெழுத்துக்குப் பதிலான என் முத்திரையை வைக்க மாட்டேன் என்றேன். எழுதினார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அந்த வரி உட்பட அனைத்தும் உண்மை.

(முத்திரை) எத்தோ மிசுயே