சிவப்பில் நின்றவன்

ராத்திரி மணி இரண்டு. ஆளரவமற்ற நீண்ட சாலை... ஆனால் அந்தச் சாலை டிவிக்குள் இருந்தது.

இதோ, இந்த அறையில் நம்மோடு சுவரோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நம் கூட்டாளி குண்டனின் சித்தப்பாவுக்கு நடந்தது இது. டாக்சி ஓட்டுகிறவர். அவருடைய தம்பிக்கு ஒரு வீடியோ கேம் என்றால் உயிர். ஊர் முழுக்கச் சுற்றலாம், கார் திருடலாம், வங்கியைக் கொள்ளையடிக்கலாம். எல்லாம் செய்வான். ஆனால் சிக்னலில் சிவப்பு விழுந்தால் நின்றுவிடுவான்.

"பின்னாடி போலீஸ் வருதுடா, கிறுக்கா."

"திருடினா என்னண்ணே? சிக்னல் சிக்னல்தானே."

நிஜத்திலும் அப்படித்தான் நின்றான், பைக்கில். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

அதற்குப் பிறகு சித்தப்பா, தம்பி விட்ட இடத்திலிருந்து அந்த கேமை ராத்திரி ராத்திரியாக ஆடினார். ஒரு சிவப்புக்கும் நிற்கமாட்டார். தெருவில் டாக்சி ஓட்டும்போதும் அதே கதைதான்.

"உங்களையும் நான் துணி போட்டு மூடிப் பார்க்கணுமா?" என்றாள் சித்தி.

"நின்னவன் கதியைப் பார்த்தேல்ல? நான் நிக்கமாட்டேன்."

அன்றைக்கும் ஆட்டத்தில் போலீஸ் சைரன் துரத்திக்கொண்டு வந்தது. சிவப்பு விழுந்தது. கார் தானாக நின்றது.

பட்டனை அழுத்தினார்... அசையவில்லை. சைரன் அடங்கியது. திரைக்குள் அந்த நகரமே மூச்சுவிடாமல் நின்றது. அறைக்குள் ஒரு வாடை... மழையில் நனைந்த தம்பி ஹெல்மெட்டின் உள்பஞ்சு வாடை.

"நீ நின்னே. என்னடா கிடைச்சுது?"

வயரைப் பிடுங்கிப் போட்டார். டாக்சியை எடுத்துக்கொண்டு நேரே தம்பி செத்த அந்தச் சிக்னலுக்கே போனார்.

சிவப்பு. வெறும் சாலை. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தார். இன்ஜின் அலறியது... வண்டி நகரவில்லை. குறுக்கே, விளக்கே இல்லாமல், ஒரு லாரி பாய்ந்து போனது.

மிதித்த காலை எடுத்தார்.

பக்கத்து இருக்கையின் சீட் பெல்ட் மெல்ல இழுபட்டது... 'டிக்' என்று மாட்டிக்கொண்டது. அதே ஈர வாடை.

பச்சை விழுந்தது. சித்தப்பா கிளம்பவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"வந்துட்டேல்ல," என்றார். "இனி எவன் கூப்பிட்டாலும் இறங்காதே. வர்றவன் வரட்டும், நான் பார்த்துக்கறேன்."

கதை முடிந்தது. அதுவரை பேசாத குண்டன் வாயைத் திறந்தான்.

"காலையில நாம ரயில்வே ஸ்டேஷன் போக அவர் டாக்சிதான் வருது. எல்லாரும் பின்னாடியே நெருக்கி உக்காந்துக்கங்க."