பாலாறு பாய்ஸின் ஒரே ஹிட்

நாற்காலி வேண்டாம் ஐயா, நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆட ஆரம்பிக்கும். கால் ஆடினால் எதையோ மறைக்கிறேன் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பெயர் கண்ணாயிரம். 'பாலாறு பாய்ஸ்' மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஜோக் சொல்வேன். மைக்செட்டும் நான்தான் கட்டுவேன். குழுவின் பெயர் பாய்ஸ், ஜனங்கள் வந்ததோ லில்லி என்கிற ஒரு பெண்ணின் பாட்டுக்காக. என் ஜோக்குகளைவிட அது நல்ல ஜோக்.

ராஜவேலுதான் தலைவன். பகலில் பட்டுக்குச் சாயம் போடுவான். சாயங்காலம் அதே சிவந்த விரல்களால் கிடார் வாசிப்பான். எழுபத்திரண்டில் மெட்ராஸ் போய் ஓர் இசைத்தட்டு போட்டோம். 'ஜரிகை நிலா'. மெட்டு அவனுடையது, குரல் லில்லியுடையது. ரேடியோவில் போட்டார்கள். அப்புறம் காஞ்சிபுரத்தில் டீ ஆறுவதற்குள் அதை இரண்டு தரம் கேட்கலாம் என்று ஆயிற்று. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் 'ஜரிகை நிலா கலர் இருக்குதா' என்று கேட்டார்கள். அப்படி ஒரு கலர் கிடையாது. கடைக்காரர்கள் ஆளுக்கொரு கலரைக் காட்டி விற்றார்கள்.

இரண்டு வருஷம் அந்த ஒரே பாட்டை வைத்துக்கொண்டு வாலாஜாபாத், திருமுக்கூடல் என்று பஸ்ஸிலும் லாரியிலும் அலைந்தோம். நான் மைக்கைப் பிடித்தால், "யோவ் ஜோக்கரு, எறங்குபா. அந்தப் பொண்ண வரச் சொல்லு" என்பார்கள். இறங்கி ஓரமாக நின்று கேட்பேன். அவள் பாடும் மூன்று நிமிஷம் மட்டும்தான் என் கால் சும்மா இருக்கும்.

எழுபத்திநாலு ஆடி மாதம் அவளுக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. சினிமாவில் பாட, வரும் திங்கட்கிழமை குரல் சோதனை. ராஜவேலு பூரித்துப்போனான். "போய்ட்டு வாம்மா. ரேடியோல உன் பேரு வர்றப்ப, டீக்கடைல நின்னுக்கினு எங்க ஊரு பொண்ணுன்னு சொல்லிப்போம்" என்றான்.

லில்லி என்னைப் பார்த்தாள். "நீயும் வாயேண்ணா. அலோ அலோன்னு மைக்கத் தட்டிப் பாக்க அங்கியும் ஆளு வேணுமில்ல?"

நானும் சிரித்தேன். அன்றிலிருந்து வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் ரயிலடிக்கும் சும்மா நடந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தென்னேரியில் அம்மன் திருவிழாக் கச்சேரி. எங்களோடு அவளுக்குக் கடைசி. எங்கள் ஆம்ப்ளிஃபயர் பெட்டி ராஜவேலு பழசாக வாங்கியது. மைக்கில் கரண்ட் ஏறும். அதற்காகத் தரையில் எர்த் கம்பி அடித்து, ஒயரை மாட்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அன்றைக்கு ஊற்றவில்லை. ஒயரையும் மாட்டவில்லை.

ஒரு சின்ன அடி, மூன்று நாள் ஆஸ்பத்திரி, திங்கட்கிழமை தாண்டிவிடும். இவ்வளவுதான் மனதில் இருந்தது. பார்க்கப் போகும்போது சாத்துக்குடி வாங்கிப்போவதாகக்கூட இருந்தேன்.

மத்தியானம் தூறியிருந்தது. கோயிலுக்கு எதிரே மண்மேடுதான் மேடை. அவள் ரப்பர் செருப்போடு ஏறினாள்.

"லில்லி, சாமி எதிர்ல செருப்போட நிக்கிறியேம்மா. யார்னா எதுனா சொல்லப் போறாங்க" என்றேன்.

சர்ச்சுக்குப் போகிற பெண். கோயில் மேடைகளில் ஒரு சொல் வந்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்து நடப்பவள். "ஐயோ, மறந்தே பூட்டேண்ணா. நல்ல வேள சொன்ன" என்று கழற்றி ஓரமாக வைத்தாள். ஜோடி சேர்த்து, நேராக.

நான் அறிவித்தேன். அவள் மைக்கைப் பிடித்தாள். முதல் வரி முடியவில்லை.

"நான் வாங்கியாந்த பொட்டிதான்பா அவளக் கொன்னுட்டுது" என்று ராஜவேலு கிடாரைத் தொடுவதையே விட்டுவிட்டான். போன வாரம் பாலாற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து அவனை இழுத்து வந்தார்கள். சிநேகிதன் படும் பாட்டைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. அதனால்தான் நானாக வந்தேன். அவன் பெட்டி கொல்லவில்லை, நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சின்ன அடி என்றுதான் நினைத்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அறிவித்தபோது நானும் அதே மைக்கைத்தானே பிடித்தேன் என்கிறீர்கள். ஆமாம். காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்றேன். கையில் துண்டு சுற்றியிருந்தேன். அவள் வந்ததும் பலகையை எடுத்து லாரியில் வைத்துவிட்டேன்.

சின்ன அடிக்கு எதற்குப் பலகை என்று கேட்கிறீர்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கரண்ட் என்றால் கொஞ்சம் பயம், ஐயா.