ஒன்பதாவது முத்திரை

– விளக்கை இப்படித் திருப்புங்க மேடம். படத்துல அந்தப் பாறைக்கு அடியில, சின்னதா, சிவப்பா ஒண்ணு தெரியுதா?

– தெரியுது சார். இதான் அந்த ஒன்பதாவது முத்திரையா?

– அதேதான். சீன ஓவியம் யார் கைக்குப் போனாலும் அவங்க தங்களோட முத்திரையை அதுல குத்திடுவாங்க. முந்நூறு வருஷத்துல எட்டுப் பேர். வித்தவனும் எட்டுன்னுதான் சொன்னான். ஒன்பதாவதைக் கண்டுபிடிச்சது யாரு? ஐயாதான்.

– ஏங்க, ஐயாவுக்கு மூச்சு வாங்குது. முதல்ல உக்காருங்க.

– நீ சும்மா இரும்மா. மியூசியத்துலேர்ந்து வந்திருக்காங்க, வேலை நடக்குது.

– சார், நீங்க ஏன் குத்தல?

– கை வரல மேடம். நான் வெறும் காவக்காரன்.

– இந்த எழுத்தை எங்காளுங்க நாலு பேர் பாத்தும் படிக்க முடியலையே.

– எப்படி முடியும்? வழக்கொழிஞ்ச எழுத்து. அரண்மனையில யாரோ பெரிய ஆள் ரகசியமா வெச்சிருந்த முத்திரை. முப்பது வருஷம் அலசி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். என் கண்ணு தப்பாது.

– அதை நம்பித்தான் சார் சாயங்காலம் அச்சுக்கு அனுப்பறோம். ஓவியத்துக்குப் பக்கத்துலயே உங்க கட்டுரையும் இருக்கும். இந்த நன்கொடைப் பத்திரத்துல மட்டும் ஒரு கையெழுத்து.

– ஏங்க, இன்னைக்கேவா அச்சுக்குப் போகுது?

– ஆமா. நீ பிழை திருத்தப் போறியா?

– திருத்தித்தான் ஆகணும் போல இருக்கு. இந்த முத்திரையை முதல்ல எப்பப் பாத்தீங்க?

– கல்யாணமான மறுவருஷம். மூணு மாசம் சீனாவுல சுத்திட்டு வந்து சுருளை விரிச்சேன், பளிச்சுன்னு கண்ணுல பட்டுச்சு. அதுவரைக்கும் எப்படியோ கோட்டை விட்டிருக்கேன்.

– அதுக்கு முந்தின தடவை எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?

– முத்திரைக் கல்லு. உன் பேரைச் செதுக்கிக்கன்னு குடுத்தேன். நீதான் தொலைச்சுட்டியே.

– தொலைக்கல. தையல் பெட்டியில இருக்கு.

– இருக்கட்டும். அதுக்கென்ன இப்போ?

– நீங்க இல்லாத மூணு மாசமும் ஈரம் ஏறாம, பூச்சி அரிக்காம அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டவ நான். எனக்கும் ஒரு முத்திரை உண்டுன்னு தோணுச்சு. ஊசியால நாலு நாள் செதுக்கி, பாறைக்கு அடியில குத்தினேன்.

– என்ன சொல்ற நீ?

– வந்து பாத்துட்டு சின்னப் பிள்ளையாட்டம் குதிச்சீங்க. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல. அப்புறம் நாளாக ஆக, வாயைத் திறக்கவே பயமாயிடுச்சு.

– அம்மா, அப்போ அந்த எழுத்து?

– கல்லுல திருப்பிச் செதுக்கணும்னு எனக்கு யாரு சொன்னா? நேராவே செதுக்கிட்டேன். ஒரு கண்ணாடியை எதிர்ல பிடிங்க மேடம். என் பேரு தமிழ்ல தெரியும்.

– சார், தண்ணி குடிக்கிறீங்களா? நான் வேணும்னா நாளைக்கு வரட்டுமா?

– எதுக்கு? அச்சை மட்டும் நிறுத்துங்க. இந்தாங்க உங்க பத்திரம், நான் கையெழுத்து போட முடியாது. முத்திரை வெச்சவ அவ. குடுக்கறதா வேண்டாமான்னு அவளைக் கேளுங்க.