வள்ளப் பலகையில கரண்ட் பாயாதோ?

ஓம், கேள்வி கேட்ட காக்கா, பலகையில கரண்ட் பாயாதெண்டு எனக்கும்தான் படிப்பிச்சவங்கள். அந்தப் பாடம் முடியிறவரைக்கும் நான் பள்ளிக்கூடத்திலதான் இருந்தனான். சிரிக்காதீங்க. "நடுவில விட்டவன் எங்களுக்குப் படிப்பிக்க வந்திட்டான்" எண்டு பின்வரிசையில ஒரு குரல். சரி. சபைக்கு மரியாதை செஞ்சுபோட்டு அதுக்கு வாறன்.

தலைமைக் கதிரையை நிறைச்சிருக்கிற மீனவர் சங்கத் தலைவர் ஜெமீல் ஹாஜியார் அவர்களே! கடலைக் கண்ணால அளந்து, காத்தைக் காதால அளக்கிற பெரியவங்களே! விடியமுன்னம் மீன்கூடையோட துறைக்கு வாற உம்மாமாரே! சல்லி ஊரில இருந்து வந்திருக்கிற கோணாமலை அண்ணை! எல்லாருக்கும் பஸ்லானின்ட ஸலாம்.

சங்கத்தின்ட ஐஸ் அறைக்கு வயர் இழுத்தவன் நான். பார்த்துப் பார்த்து எடுத்தனான். கம்பிக்கு வெள்ளீயம் பூசின செம்பு. ஏன்? வெறும் செம்பை உப்புக்காத்துப் பச்சை பிடிச்சுத் தின்னும். அலுமினியம் மலிவெண்டீங்க. அதைச் செம்போட முறுக்கினா மூட்டு அரிச்சுச் சூடேறும். பியூஸுக்குப் பீங்கான். சுவிட்ச் போர்ட்டுக்குப் பின்னால கரண்ட் பாயாத பேக்லைட் தட்டு.

நீங்க என்ன செஞ்சீங்க? பேக்லைட்டைக் கழட்டிப்போட்டு, ஹாஜியாரின்ட வாப்பா ஓட்டின வள்ளத்தின்ட பலகையை அடிச்சீங்க! வழமை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு புயலுக்கும் கரை திரும்பின வள்ளத்தை உடைச்சா, அதின்ட பலகை ஒண்டு புதுக் கட்டடத்தில ஏறோணும். ஏறட்டும்! வாசலுக்கு மேல ஏறட்டும்! சுவிட்சுக்குப் பின்னால ஏன் ஏறோணும்?

காய்ஞ்ச பலகை கரண்டைத் தடுக்கும். ஓம். இது என்ன பலகை? ஆயுசு முழுக்க உப்புத்தண்ணி குடிச்ச பலகை! உள்ளுக்க இருக்கிற உப்பு, காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தா அது பலகையா? இல்ல! கம்பி! ஆணியடிச்சு மாட்டின கம்பி!

மைக்கை ஏன் குறைக்கிறீங்க? கத்தினாலும் கேக்கும்.

மழைத் தூறலில, மீன் விக்கிற ஜெஸீமா ராத்தா அந்தப் பலகையில கை வெச்சா. தூக்கி எறிஞ்சிது. "உன்ட கை ஈரம் புள்ள" எண்டு அவவுக்கே பேச்சு. மீன் விக்கிற மனுசியின்ட கை எப்ப காய்ஞ்சிருக்கும்? கரண்ட் கசிஞ்சாத் தானா ஒஃப் ஆகிற ட்ரிப் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்திச்சு. உயிரைக் காப்பாத்த விழுந்திச்சு! கரைச்சலெண்டு அதையும் வேற ஆளைக் கொண்டு கழட்டி, கரண்டை நேராக் குடுத்திட்டீங்க.

பலகையைக் கழட்டச் சொன்னன். "என்ட வாப்பாவைக் கழட்டச் சொல்றியோடா?" எண்டு கேட்டீங்க, ஹாஜியார்.

அண்டையில இருந்து பாலத்தடித் தேத்தண்ணிக் கடையில எனக்குப் பக்கத்துக் கதிரை காலி. வாட்ஸ்அப் குறூப்பில இருந்து தூக்கிட்டீங்க. ஸலாம் சொன்னா பதில் வருது, முகம் திரும்புதில்ல. கூடித் திரிஞ்ச றிஸ்கானும் என்னைக் கண்டா ரோட்டுக்கு மற்றப் பக்கம். வீட்டில சுவரோடதான் கதைக்கிறன்.

ஒதுக்குங்க! தனிய இருந்து தேத்தண்ணி குடிப்பன்! ஆனா நாளைக்கு ஒரு உம்மா அந்தப் பலகையில ஒட்டிக்கொண்டு செத்தா, அதுக்குப் பிறகு இந்தத் துறையில ஆர் ஆரோட கதைக்கிறது? ஆர் ஆரின்ட முகத்தைப் பார்க்கிறது? அந்த வள்ளம் ஒருத்தரையும் கடலில விட்டதில்ல, ஹாஜியார். கரையில வெச்சு அதைக் கொலைகாரன் ஆக்கப் போறீங்களா?

என்ன? ஆர் எழும்புறது? ஜெஸீமா ராத்தா, எங்க போறீங்க? "அந்தப் பலகையை நானே பேர்த்து எடுக்கிறன்" எண்டு ஐஸ் அறைப் பக்கம் போறா... கையில மீன் கத்தி! யா அல்லாஹ்! ராத்தா, நில்லுங்க, மெயின் இன்னும் ஒஃப் பண்ணேல்ல! கேட்டிருந்ததுக்கு நன்றி, ஸலாம், வணக்கம், நான் இப்ப போகோணும்.