நாகப்பன் கொடுத்தனுப்பிய பாட்டில்

அந்த பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், சார்ஜன் ஐயா. நம் மலைக் குளிரே அதற்குப் போதும். கீழே ரிங்லெட் டவுனில் எல்லாரும் ஸ்டௌட் பீருக்குள் ஐஸ் கட்டியைப் போட்டுக் குடிக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஆனால் இது பெல்ஜியத்தில் சாமியார்கள் மடத்திலே காய்ச்சுகிற கறுப்பு பீர். வாய் அகன்ற கிளாஸில், அடி மண்டி கலங்காமல், மெதுவாக ஊற்ற வேண்டும். இப்போது திறக்கச் சொல்லவில்லை. முறை தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

நான் புகார் கொடுக்க வந்திருக்கிறேன். போன வாரம் செத்துப்போன நாகப்பனின் மனைவி சரோஜா என்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று சந்தேகப்படுகிறேன். உன்னைக் கொல்ல அவளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாகப்பனும் நானும் எஸ்டேட் பேக்டரியில் தேயிலைச் சாயத்தை ருசி பார்க்கிற வேலையில் இருந்தோம். ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவோம். அவர் எனக்கு எட்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

எழுபத்தாறில் இலை காய வைக்கும் மெஷினைப் பொருத்த பெல்ஜியத்திலிருந்து ஓர் இஞ்சினியர் துரை வந்தார். வரும்போதே இரண்டு பெட்டி இந்தக் கறுப்பு பீர் கொண்டுவந்தார். ருசி பார்க்கிறவர்கள் என்று தெரிந்ததும் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார். பழக்கதோஷத்தில் நாங்கள் துப்பப் போனோம். "தெலான், தெலான்" என்று பதறிவிட்டார். விழுங்கு என்பதை மலாயில் சொன்னார். டீயைத் துப்பலாம், இதைத் துப்பினால் பாதி ருசி போய்விடும், மீதி தொண்டையில்தான் இருக்கிறது என்றார்.

நாகப்பன் விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மொதல்ல கருகுன குலா மலாக்கா வெல்லம். அப்பறம் காஞ்ச திராட்சை. கடைசியா, எங்கயோ தூரத்துல, கிராம்பு. என்னா தம்பி?"

"ஆமாண்ணே" என்றேன்.

எனக்குக் கசப்பு மட்டும்தான் தெரிந்தது. துரை அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. மனசு எரிந்தது, மறைப்பானேன். ஊருக்குப் போகும்போது மிச்ச பாட்டில்களை நாகப்பனிடம் கொடுத்தார். அவர் மட்டும் தனியாகக் குடித்ததே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றையும் என்னோடு சேர்ந்துதான் திறந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் ஒன்றைச் சொல்ல, நான் ஆமாம் என்றேன்.

எழுபத்தெட்டில் எங்களுக்கு மேலே இருந்த டீ மேக்கர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு எங்கள் இருவரில் ஒருவர். கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வந்து பன்னிரண்டு கோப்பை வைத்துப் பரீட்சை பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். வேலை எனக்குத்தான் என்று என் மனைவி சீதாவிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவள் பிரிஞ்சாங் டவுனுக்குப் போய், லைன் வீட்டைவிட்டு மாறப்போகிற ஸ்டாப் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குத் துணிகூட வாங்கிவிட்டாள். என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை நாகப்பனுக்குச் சளி. மூக்கு சுத்தமாக அடைத்துப்போயிருந்தது. "நாக்கு மரக்கட்டையா கெடக்குலா, தம்பி. நாளைக்கு என்னா செய்யப் போறேன்னு தெரியல" என்று பயந்தார். பாவமாக இருந்தது. அப்படியே விட்டிருந்தாலும் அவர் தோற்றிருக்கக்கூடும். ஆனால் சளி ஒரே நாளில் இறங்கிவிடுவதும் உண்டு.

"ஒரு கறுப்ப ஒடச்சுப் பாப்போம்ணே. அது தெரிஞ்சா நாக்கு சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றேன்.

இருந்தது இரண்டே பாட்டில். ஒன்றை எடுத்து வந்தார். மெஷின் கழுவுகிற சின்னக்கருப்பன், நாங்கள் குடித்துப்போட்ட காலி பாட்டில்களில்தான் கழுவுகிற மருந்தை ஊற்றி வைப்பான். கனமான கண்ணாடி என்பதால் அவனுக்கு அது வசதி. அந்த மருந்தும் கறுப்புத்தான். பாட்டில் மாறிவிட்டது, அவனுடைய கவனக்குறைவு என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அவனை வேலையிலிருந்து நிறுத்தி, லைன் வீட்டையும் காலி செய்ய வைத்தார்கள். கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் கோஸ் மூட்டை தூக்குவதாகக் கேள்வி. மேனேஜர் துரையிடம் அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு மழை.

நாகப்பன் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "நீ குடிச்சியா தம்பி?"

"குடிச்சேன்ணே. நல்லாருக்கு. ஒரே மடக்கா முழுங்குங்க, அப்பத்தான் தொண்டையில தெரியும்."

அவர் துப்பியிருக்கலாம். தொட்டி காலடியில்தான் இருந்தது. இருபது வருஷம் துப்பின வாய். அவர் ஏன் விழுங்கினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நாக்கு வெந்து, தொண்டை சுருங்கிவிட்டது. ஆறு வருஷம் கஞ்சித் தண்ணீர்தான். குரல் காற்றாகப் போய்விட்டது. டீ மேக்கர் வேலை எனக்கு வந்தது. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்தேன், ஐயா. ஒரு வாரம் தவறவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நேற்று சரோஜா இந்த பாட்டிலைக் கொண்டுவந்தாள். கடைசி பாட்டில். "அவரு சாவுறதுக்கு மொத நாளு காதுல சொன்னாருங்க. இத ஒங்ககிட்ட குடுக்கணுமாம். தம்பிக்கு ஒரு நாளும் அந்த ருசி தெரிஞ்சதில்ல, ஒரு தடவையாவது தெரியட்டும்னாரு" என்றாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவருக்கு அது எப்போதிலிருந்து தெரியும்? வேறு என்னவெல்லாம் தெரியும்? மூடியைப் பாருங்கள், ஒரு பக்கம் வளைந்த மாதிரி இல்லை? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூடியோரம் கசிந்த ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது. எனக்கு அது எப்போதும் கசப்புத்தான், ஐயா. உள்ளே இருப்பது பீரா வேறொன்றா என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நாகப்பன். அவர் நாக்கைத்தான் நான் எடுத்துவிட்டேன்.

ஆமாம், நான்தான். சின்னக்கருப்பன் ஒன்றும் செய்யவில்லை. கழுவுகிற மருந்தைக் கிளாஸில் ஊற்றினவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், மறைக்கவில்லை. ஆனால் அது ஆறு வருஷத்துக்கு முந்தின கதை. நான் வந்தது இந்தப் புகாருக்கு. சரோஜா பெயரைத் தெளிவாக எழுதுங்கள். நம்பிக் குடிக்கிறவன் கையில் இப்படி ஒன்றை எடுத்துக் கொடுக்க, ஒரு மனுஷிக்கு எப்படி ஐயா மனசு வரும்?