மஞ்சள் துணிக்குள் பச்சை வெளிச்சம்

எனக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை. அதனால், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்ததற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், மேடம். நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்று நான்தான் தாள் கேட்டு வாங்கினேன். பேச ஆரம்பித்தால் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவேன், உங்கள் ஏட்டையா தூங்கிவிடுவார்.

என் பெயர் ராமதாஸ். ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். போன சித்ரா பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் இறந்துபோன எழில் என் மாணவி. வேண்டுதலுக்காக ஓடினாள், வெயில் தாங்காமல் விழுந்தாள் என்று உங்கள் கோப்பு முடிந்திருக்கிறது. அதில் வெயில் மட்டும்தான் சரி. மற்றதை அவசரப்படாமல் சொல்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றி. தோலின் மேல் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சினால் கொஞ்சத்தை இரத்தம் விழுங்கிக்கொள்ளும், மிச்சம் திரும்பி வரும். இதயம் அடிக்கும்போது இரத்தம் பொங்கும், திரும்பும் வெளிச்சம் மங்கும். அந்த மங்கலை எண்ணினால் நாடித்துடிப்பு. கடையில் விற்கும் கைக்கடிகாரங்களில் இருக்கிற அதே சங்கதிதான். என்னுடையதை நானே ஆய்வகத்தில் செய்தேன். அது அளப்பதை என் கைபேசிக்கு அனுப்பும்.

நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் கையில் அதைக் கட்டி, பல வருடங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒன்று தெளிவாயிற்று. இதயத்துக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்டதும் உடம்பே ஓடுகிறவனை நிறுத்திவிடும். 'போதும்' என்று தோன்றுவது சோம்பல் இல்லை, உடம்புக்குள் உட்கார்ந்திருக்கும் காவல்காரன் போடும் சத்தம். யாரும் தானாக ஓடிச் சாவதில்லை. ஒவ்வொருவரும் எந்தத் துடிப்பில் நிற்பார்கள் என்று என்னால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. நான் வாழ்க்கையில் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். எவ்வளவு அழகான விஷயம் என்று பாருங்கள்.

எங்கள் கணக்குத் துறையில் ஈஸ்வர் என்று ஒருவர் இருக்கிறார். கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை. எது அறிவியல், எது இல்லை என்று விசாரிக்கிற புத்தகங்களாகவே தேடிப் படிப்பார். பொய்யாவதற்கு வழி வைக்காத கோட்பாடு அறிவியல் இல்லை, அது பிரசாதம், கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்பார். இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"உங்க பசங்க தானா எங்க நிக்கறாங்க ராமதாஸ்? விசில் அடிக்கறீங்க, நிக்கறாங்க. கோடு வருது, நிக்கறாங்க. எவனாவது தண்ணி நீட்டறான், நிக்கறாங்க. இது எல்லாத்தையும் எடுத்துட்டு ஒருத்தர் தானா நிக்கட்டும். அப்போ நானே உங்களுக்கு மாலை போடறேன்."

சிரிப்பு வலித்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்னது நியாயம். நியாயமான கேள்விக்குச் சோதனையால்தான் பதில் சொல்ல வேண்டும்.

எழில் கீழ்பென்னாத்தூர்ப் பெண். வேர்க்கடலை போடுகிற குடும்பம். விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு இயற்பியல் படித்தாள். பத்தாயிரம் மீட்டரில் மாவட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. பேச்சு கம்மி. சொன்னதை அப்படியே செய்வாள். சோதனைக்கு அதுதான் முக்கியம். சோதனை முடிந்து எழுதப்போகும் கட்டுரையில் உன் பெயரும் வரும் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஓடும் இடத்துக்குக் கோடு இருக்கக் கூடாது. மலையைச் சுற்றுகிற பாதைக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. கடும் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் எல்லையைத் தொடப் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே சித்திரை. பௌர்ணமியை ஏன் எடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். சாதாரண நாளில் ஒரு பெண் வெறுங்காலோடு கொளுத்தும் வெயிலில் ஓடினால், நாலு பேர் மறித்து "இன்னாமா ஆச்சு" என்று கேட்பார்கள். பௌர்ணமியில் கேட்க மாட்டார்கள். வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நினைத்துக்கொள்வதற்கு நான் கொஞ்சம் உதவி செய்தேன். கருவிக்குள் சூரிய வெளிச்சம் புகுந்தால் அளவு கெட்டுவிடும், மேலே துணி சுற்ற வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அது உண்மை. சுற்றியது மஞ்சள் துணி, மணிக்கட்டில், காப்புக் கட்டுவது போல. வெளிச்சத்தைத் தடுக்கக் கறுப்புத் துணிதான் தோது என்பது என்னிடம் முதலாண்டு படிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மஞ்சள் கட்டியது வெளிச்சத்துக்காக இல்லை, ஊருக்காக. சேலை கட்டி ஓட முடியாது என்பதால் மஞ்சள் நிறத்தில் ஒரு பனியனும் வாங்கிக் கொடுத்தேன்.

"யார் எது குடுத்தாலும் வாங்காத. யார்கிட்டயும் பேசாத. உனக்கா எப்போ நிக்கணும்னு தோணுதோ, அப்போ நில்லு. அதுவரைக்கும் ஓடு."

"சரிங்க சார்."

பாருங்கள், நிற்காதே என்று நான் சொல்லவே இல்லை.

காலை பத்து மணிவாக்கில் ஆரம்பித்தாள். பகலில் கூட்டம் ஜாஸ்தி இல்லை, சாயங்காலம்தான் ரோடு நிரம்பும். பாதையில் அடி அண்ணாமலை கிராமத்துக்கு முன்னால் உள்ள ஒரு வளைவைத் தாண்டி, புளியமரத்து நிழலில் கைபேசியோடு நான் நின்றேன். முதல் சுற்றில் என்னைக் கடந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு சுத்தமான ஓட்டம். இரண்டாவது சுற்றிலும் என்னைக் கடந்து போனாள். அதற்குப் பிறகு கொஞ்ச தூரத்தில் விழுந்தாள்.

எனக்கும் அவள் விழுந்த இடத்துக்கும் நடுவில் நடந்தது மரத்தடியிலிருந்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அங்கே நீர்மோர்ப் பந்தல் வைத்திருந்த காசியம்மாள் பிறகு என்னிடம் சொன்னார்.

"அந்தப் பொண்ணு தள்ளாடிக்கினே வந்துச்சு சார். கண்ணு மேல சொருகிப் போச்சு. சாமி வந்து ஓடுதுனு நாங்க ஒதுங்கிட்டோம். குறுக்க போவக் கூடாது இல்ல? சூடம் ஏத்தினோம். ஒரு குடம் தண்ணி கொண்டாந்து கால்ல ஊத்தினோம்."

மஞ்சள் கலந்த தண்ணீராம். சாமி வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. வாய்க்கு ஒரு மடக்கு இல்லாமல் ஒரு குடம் முழுக்கக் காலுக்குப் போயிற்று. இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் எதிர்பார்த்தேனா என்று கேட்டால், யாரும் மறிக்க மாட்டார்கள் என்பதை எதிர்பார்த்தேன். காலில் ஊற்றுவார்கள் என்பதை எதிர்பார்க்கவில்லை. அதைக் கேட்ட பிறகு கொஞ்ச நாள் எனக்குத் தண்ணீர் குடிக்கவே கஷ்டமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான்தான் முதலில் ஓடினேன். கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். துணியைத் திரும்பவும் கட்டிவிட்டேன்.

எழிலின் அம்மா ஜோதியம்மாள் காரியம் முடிந்த பிறகு கல்லூரிக்கு வந்தார். அழுது ஓய்ந்த குரலில் கேட்டார்: "எதுக்கு வேண்டிக்கிட்டானு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல சார். உங்கள்ட்ட எதுனா சொன்னாளா? தெரிஞ்சா அந்தக் கடனயாவது நாங்க முடிச்சிடுவோம்."

எனக்கும் தெரியாதும்மா என்றேன். இப்போது அவர் மாதா மாதம் பௌர்ணமிக்குப் பேருந்து பிடித்து வந்து, என்ன வேண்டுதல் என்றே தெரியாமல் மலையைச் சுற்றுகிறார். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தால் வேறு தெருவுக்குள் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று நினைப்பீர்கள். உறுத்தல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னை இங்கே கொண்டுவந்தது வேறு.

அன்றைக்குப் பதிவானதைத் திறந்து பார்க்கவே எனக்கு வெகு நாள் தைரியம் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள், எங்கள் துறையில் நிறமாலை பார்க்க வைத்திருக்கும் இருட்டறைக்குள் உட்கார்ந்து திறந்தேன். அவள் இதயம் சீராக ஓடியிருந்தது. சீர் என்றால் அப்படி ஒரு சீர், ஏறக்குறைய கடைசிவரை ஏற்ற இறக்கமே இல்லை. சாகப்போகிற இதயம் அப்படி ஓடாது. வெகு நேரம் பார்த்த பிறகுதான் விளங்கிற்று, அது இதயமே இல்லை. வெறுங்கால் தார்ச்சாலையில் மோதும்போது கையிலிருக்கும் இரத்தமும் குலுங்கும். என் கருவி அந்தக் குலுக்கலை இதயம் என்று எண்ணியிருந்தது. நான் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் அவள் காலடி.

அதை ஒலியாக மாற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. டப், டப் என்று இரண்டு சுற்று முழுக்க அவள் அந்த இருட்டறைக்குள் ஓடினாள். அன்றிலிருந்து வகுப்பில் கரும்பலகை பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கிறது. நடந்தால் என்னோடு வருகிறது, நின்றால் நிற்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மேடம். பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவன் பயந்தால் அதற்கு மந்திரிக்கக்கூட ஆள் கிடையாது.

ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்படிக் கேட்டதில்தான் அது கிடைத்தது. இரண்டாவது சுற்றில், அடி அண்ணாமலை நெருங்கும் இடத்தில், காலடி நிற்கிறது. கால் நின்ற இடத்தில் குலுக்கல் இல்லை, ஆகவே அங்கே மட்டும் கருவி உண்மையான இதயத்தைப் பார்த்திருக்கிறது. அந்த எண், நான் ஒரு மாதத்துக்கு முன்பே எழிலுக்கென்று கணக்குப் போட்டு வைத்திருந்த எல்லை. ஒன்றிரண்டு துடிப்புகூட வித்தியாசம் இல்லை. பிறகு மெதுவான நடை. பிறகு மறுபடி ஒரு நிற்றல். அதற்குப் பிறகு ஓட்டம்.

இந்த இரண்டாவது நிற்றல் எனக்குத் தெரியும். இரண்டாவது சுற்றிலும் என்னைக் கடந்து போனாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். அவள் கடந்து போகவில்லை. வளைவைத் தாண்டி நடந்து வந்தாள். என் முன்னால் நின்றாள். உதடு வெடித்திருந்தது. வியர்வை நின்று தோல் காய்ந்து போயிருந்தது.

"சார், போதுமா?" என்று கேட்டாள்.

அவள் கால் நின்றதும் கைபேசியில் எண் சட்டென்று மேலே ஏறியதைப் பார்த்தேன். என் பையில் தண்ணீர் பாட்டிலும் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். ஆனால் என் மனதில் வந்தது ஈஸ்வர். உங்களைப் பார்த்தாள், நின்றாள், இது தானாக நின்றதாகுமா என்று சிரிப்பார். அது நியாயமான ஆட்சேபணைதானே? இத்தனை ஏற்பாடும் வீணாகிவிடும். நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"என்னைக் கேக்காத எழில். நான் இங்க இல்லனு நெனச்சுக்கோ. இன்னும் கொஞ்சம் போ."

அவள் தலையாட்டினாள். கட்டுரையில் பெயர் வர வேண்டும் என்று நினைத்தாளோ, சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாளோ, தெரியாது. ஓடினாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் விழுகிறவரை.

வருகிற வாரம் எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் ஈஸ்வர் பேசப்போகிறார். தலைப்பு, ஒரு கோட்பாடு எப்படிப் பொய்யாகிறது என்பது. எழிலைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லப்போகிறார். யாரும் நிறுத்தாத ஒரு பெண் தானாக ஓடிச் செத்தாள், ராமதாஸின் காவல்காரன் வரவில்லை என்று. பாவம், அவர் வேண்டுதல் கதையை நம்புகிறவர். எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்: "விடுங்க ராமதாஸ், நல்ல தியரி எல்லாம் இப்படித்தான் போகும்."

அவரைப் பேச விடக் கூடாது. இரண்டு நிற்றலுக்கும் நடுவில் உள்ள காலடிகளை எண்ணிப் பார்த்தால், எழில் முதலில் நின்றது வளைவுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் புளியமரம் தெரியாது, நான் தெரியமாட்டேன். போய் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விசில் இல்லை, கோடு இல்லை, தண்ணீர் நீட்டியவர் இல்லை. காவல்காரன் சரியான நேரத்தில் வந்திருக்கிறான். அவனை விரட்டியது நான்.

என்ன பிரிவில் வழக்குப் போடுவீர்களோ போட்டுக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். தண்ணீரை மறைத்தேன், துணியைக் கட்டினேன், நின்றவளை ஓட்டிக் கொன்றேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மேடம். கருத்தரங்குக்கு முன்னால் இந்த வாக்குமூலத்தின் ஒரு நகல் ஈஸ்வருக்குப் போக வேண்டும். அவள் தானாக நின்றாள். நான் சொன்னது சரி.