கொசு லிஸ்டும் காய்ச்சல் லிஸ்டும்

“உங்க கொசுவெல்லாம் குடுங்கண்ணே.”

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், காஜா பெராங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டு நர்ஸ் இப்படிக் கேட்டாள். அவள் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த நகராட்சிக் கொசு ஒழிப்புக்காரர் ஒரு தாளை நீட்டினார்.

“இந்தாம்மா. பத்து பெரெண்டாம் ஏரியாலதான் கொசு ஜாஸ்தி.”

“எங்க காய்ச்சல்காரங்களும் அங்கதாண்ணே.” அவளும் ஒரு தாள் கொடுத்தாள்.

“ரெண்டு ஆபீஸும் சேர்ந்து மலேரியா ஆராய்ச்சியாம். ஆனா மேலதிகாரிங்க ஒருத்தருக்கொருத்தர் முகம் குடுத்துப் பேசுறதே இல்ல.”

“அண்ணே, என்னை ஜொகூருக்கு மாத்திட்டாங்க. நாளையிலேருந்து வரமாட்டேன்.”

அவர் தாளை மடித்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப இந்த வேலை?”

“புதுசா வர்ற பொண்ணுகிட்ட எந்த பஸ், எந்த சீட்டுன்னு சொல்லிட்டேன். பஸ்ஸுல அவளுக்கு வாந்தி வருமாம். நான் ஒருநாளும் ஜன்னல் சீட்டு கேட்டதில்ல, அவளுக்கு மட்டும் அத விட்டுக் குடுங்கண்ணே.”